கல்லின் மற்றப் பாதி

கல் களவு போனால் எல்லாரும் கல்லைத் தேடுவார்கள். விஷ்ணுப்பிரியா அதன் மற்றப் பாதியைத் தேடிப் புறப்பட்டாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய துப்பறியும் நிலையம் இருக்கிறது. மேலேயும் சேலை இருக்குமென்று நினைத்துப் படியேறி வந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைச் சிரிக்க வைத்துத் திருப்பி அனுப்புவது உதவியாளன் ஷெல்டனின் பொறுப்பு. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். அவன் வாயை மூடிவைப்பதற்கு இதுவரை யாரும் பூட்டுச் செய்யவில்லை.

அன்று காலை வந்த பெண் சேலைக்காக வரவில்லை. பெயர் அர்பா. வங்கியில் வேலை. வெள்ளவத்தையிலேயே, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாப்பாவோடு வசிக்கிறாள். உம்மா டொக்டர் லுத்பியா சில மாதங்களுக்கு முன்னர்தான் நோயில் மௌத்தாகியிருந்தார். மருந்து எழுதும் டொக்டர் அல்ல. பல்கலைக்கழகத்தில், கல்லில் பதிந்த செடிகளை ஆராய்ந்து வகைப்படுத்தியவர்.

புத்தளத்துக்கு அப்பால் தப்போவக் குளத்துப் பக்கத்துப் பாறைகளில் டைனோசர் காலத்து இலைகள் பதிந்து கிடக்கின்றன என்று அர்பா சொன்னாள். பன்னம், ஊசியிலை மரம், சைக்கஸ் போன்றவை. ஒன்றும் பூப்பதில்லை. பூக்கும் செடிகள் அந்தப் பாறைகளுக்குப் பிந்திய பாறைகளில்தான் திடீரென்று கூட்டமாக வந்து நிற்கின்றன. அவற்றுக்குத் தாய் யார், தகப்பன் யார் என்று இன்றுவரை ஒருவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பழைய பாறையில் ஒரே ஒரு பூவைக் கண்டுவிட வேண்டும் என்றுதான் லுத்பியா வாழ்நாள் முழுவதும் கல் உடைத்தார்.

“பிறப்புச் சான்றிதழ் இல்லாத குடும்பம். அடையாள அட்டை எடுக்கவே ஏலாது” என்றான் ஷெல்டன்.

அர்பாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. உம்மா இருந்திருந்தால் இதை வகுப்பில் சொல்லியிருப்பார் என்றாள்.

கடைசி வருடத்தில், நோயோடு போன பயணத்தில், லுத்பியாவுக்கு அந்தக் கல் கிடைத்தது. உள்ளங்கை அகலம். அதில் ஒரு இலை. இலையின் காம்போடு ஒட்டியபடி ஐந்து இதழில் ஒரு பூ. அவர் கட்டுரை எழுதினார். ஆனால் எங்கேயும் அனுப்பாமலே கண்ணை மூடிவிட்டார். கணினியில் கிடந்த கட்டுரையை அர்பாதான் உம்மாவின் பெயரில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பினாள். பதில் வந்தது. கல்லை நேரில் பார்க்க வருகிற சனிக்கிழமை ஒரு நிபுணர் கொழும்பில் இறங்குகிறார். அந்தச் செய்தியை அவள் வீட்டில் சொன்ன அன்றே, உம்மாவின் தலைமாட்டுத் தட்டில் இருந்த கல்லைக் காணவில்லை.

“உம்மாட பேர் புத்தகத்தில வரணும் எண்டுதான் அனுப்பின மிஸ். கல்லக் காட்டாட்டி கள்ளி எண்டு பேர் வரும். அதுக்கும் நான்தான் காரணம்” என்றாள் அர்பா.

அவள் சந்தேகப்பட்டது நுஸ்கியை. லுத்பியாவின் பழைய மாணவன், இப்போது விரிவுரையாளன். களனியில் அவன் வீட்டுக்கு மூவரும் போனார்கள். கல் காணாமல் போன செய்தியைக் கேட்டதும் அவன் முகம் அர்பாவின் முகத்தைவிட மோசமாகிவிட்டது. கள்ளன் அவனில்லை என்று அந்த முகமே சொல்லிற்று. ஆனால் அவன் சொன்ன இரண்டு விஷயங்கள் விஷ்ணுப்பிரியாவுக்குப் போதுமாக இருந்தன.

முதலாவது, அந்த வகைப் பாறை புத்தகத்தின் தாள்களைப்போல அடுக்கடுக்காக இருக்கும். சுத்தியலால் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். உள்ளே இருந்த இலை இரண்டு முகங்களிலும் பதிந்திருக்கும், ஒன்றில் பள்ளமாக, மற்றதில் மேடாக. அந்த இரண்டு பாதிகளையும் இந்தத் துறையில் யாரும் பிரித்து வைப்பதில்லை. டொக்டர் எப்போதும் நூல் போட்டுச் சோடியாகக் கட்டி வைப்பார். ஆனால் இந்தப் பூக் கல்லில் மட்டும் ஒரு பாதியைத்தான் நுஸ்கி பார்த்திருக்கிறான். மற்றது எங்கே என்று கேட்டபோது டொக்டர் பேச்சை மாற்றிவிட்டார்.

இரண்டாவது, லுத்பியா ஒரு துண்டுக் கல்லைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர். மாணவர்கள் ஞாபகத்துக்கு ஒன்றைப் பையில் போட்டாலும் திட்டு விழும். இந்தக் கல்லை மட்டும் தலைமாட்டில் வைத்திருந்தார்.

மற்றப் பாதி கிடைத்தால் நிபுணருக்கு அதுவே போதும் என்று அர்பாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பல்கலைக்கழகத்தில் இடம் போதாததால் உம்மா தன் கற்களைக் கொட்டாஞ்சேனையில், கிளெமென்ற் என்பவர் வீட்டு அறை ஒன்றில் வைத்திருந்தார் என்றாள். கிளெமென்ற்தான் பல வருடங்களாக அவரைப் புத்தளத்துக்கு ஏற்றிப்போன வான்காரர்.

மூவரும் த்ரீவீலில் ஏறினார்கள். பாலத்தைத் தாண்டியதும் விஷ்ணுப்பிரியா கேட்டாள்.

“தேடினது கிடைச்சிட்டுது. கட்டுரையும் எழுதி முடிச்சாச்சு. பிறகு ஏன் அனுப்பேல்லை?”

“நானும் ஒருக்கா வேலைக்கு விண்ணப்பம் எழுதி முடிச்சிட்டு அனுப்பாம வச்சிருந்தன் மெடம்” என்றான் ஷெல்டன். “அனுப்பினா வேலை கிடைச்சிடும் எண்ட பயம்.”

அர்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷ்ணுப்பிரியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பகிடி சில நேரங்களில் அவனுக்கே தெரியாமல் வேலை செய்துவிடும்.

கிளெமென்ற் வீடு பெரிய கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கையில், ஒரு தையல்காரருக்கும் ஒரு கோழிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது. படி செங்குத்து. மேலே ஒரு அறை முழுக்கத் தட்டுகள். தட்டு நிறையக் கற்கள், எல்லாம் சோடி சோடியாக வெள்ளை நூலில் கட்டப்பட்டிருந்தன. கிளெமென்ற் பருத்த மனிதர், பேசுவதற்கு முன்னே வேர்த்துவிடும். டொக்டர் மிஸ்ஸின் மகளைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையைத் தட்டிப் போட்டார். எந்தக் கல்லையும் தாராளமாகப் பார்க்கலாம் என்றார். பூக் கல்லின் மற்றப் பாதி என்றதும் தெரியாது என்றார், மிகவும் வேகமாக.

ஷெல்டன் அறையைச் சுற்றினான். பிறகு கூடத்துக்கு வந்து, சுவரில் இருந்த சின்னப் பீடத்துக்கு முன்னால் பயபக்தியோடு நின்றான். அந்தோனியார் சுருவம். மேலே மின்விளக்கு மாலை. அதன் குமிழ் ஒன்று சுருவத்தின் தலையில் முட்டி, உச்சியில் வண்ணம் கருகியிருந்தது.

“அண்ணே, உங்கட அந்தோனியார் வளர்ந்திருக்கிறார்” என்றான். “லைற் போட்ட நாள்ல இவர் கட்டையா இருந்திருக்கோணும். இல்லாட்டி ஆரும் புனிதர்ட தலையில சூடு வைக்க மாட்டினம்.”

கிளெமென்ற் சுருவத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். சுருவத்தின் காலுக்குக் கீழே, வெள்ளைத் துணியில் சுற்றி, தட்டையாக ஏதோ இருந்தது.

“டொக்டர் மிஸ் சத்தியம் வாங்கிட்டாங்க” என்றார் மெதுவாக. “இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது, முக்கியமா வெள்ளவத்த வீட்டுப் பக்கம் இது போகவே கூடாதுன்னாங்க. எனக்கு வாய் நிக்காது மிஸ். அதான் அந்தோனியார்கிட்ட குடுத்திட்டேன்.”

அந்தோனியாருக்கு முன்னால் பொய் சொல்ல முடியாமலும், சத்தியத்தை மீற முடியாமலும் அவர் தவித்தார். அர்பா கெஞ்சவில்லை. உம்மாவின் பெயர் சனிக்கிழமை என்ன ஆகும் என்பதை மட்டும் சொன்னாள். அவர் சிலுவை அடையாளம் போட்டு, சுருவத்தை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். ஷெல்டன் கல்லை எடுத்தான்.

துணி விலகியது. இலை அழகாக இருந்தது. நடுநரம்பும் பக்க நரம்புகளும் மேடாக எழுந்து, நேற்று விழுந்ததுபோல. அர்பா தன் கைபேசியில் பூக் கல்லின் படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். உடைந்த விளிம்பு ஒன்றுக்கொன்று கண்ணாடியில் தெரிவதுபோலப் பொருந்திற்று. அதே இலை, அதே காம்பு.

காம்பின் நுனியில் பூ இல்லை.

அர்பா அந்த இடத்தை விரலால் தடவினாள். திரும்பவும் தடவினாள். வெறும் கல், சமமாக, மழமழவென்று.

“கல்லுப் பூ உதிராது தானே?” என்று ஷெல்டன் கேட்டான். அதை அவன் பகிடியாகக் கேட்கவில்லை.

உதிராது. ஒரு முகத்தில் இருப்பது மறு முகத்தில் இருந்தே ஆக வேண்டும். இங்கே இல்லையென்றால், அங்கே இருப்பது பாறை பிளந்த பிறகு யாரோ செதுக்கியது. அர்பாவுக்கும் அது விளங்கிவிட்டது. கதிரையில் இருந்தவள் நிலத்தில் இறங்கி உட்கார்ந்தாள்.

“அப்ப என்ட உம்மா கள்ளிதானா?”

“இல்லை” என்றாள் விஷ்ணுப்பிரியா. “யோசிச்சுப் பாருங்கோ. அவ செதுக்கியிருந்தா முதல் வேலையா இந்தப் பாதியை உடைச்சிருப்பா. ஒண்டும் தெரியாம இருந்திருந்தா ரெண்டையும் சேர்த்து நூல் போட்டுக் கட்டியிருப்பா. அவ ரெண்டும் செய்யேல்லை. இது அந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது எண்டு மட்டும் பார்த்தா. அப்ப அந்த வீட்டில இருக்கிற ஒராளிட்ட இருந்துதான் இதை மறைச்சிருக்கிறா.”

“எங்கட வீட்டில வாப்பா மட்டும்தானே ஈக்கிற” என்றாள் அர்பா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

விஷ்ணுப்பிரியா கிளெமென்ற் பக்கம் திரும்பிக் கேள்விகள் கேட்டாள். பதில்கள் தங்குதடையில்லாமல் வந்தன. தப்போவவுக்குப் போன அந்தக் கடைசிப் பயணத்தில் அர்பாவின் வாப்பா, மாணிக்கக் கல் வியாபாரி மஷூர் நானாவும் வந்தார், முதல் தடவையாக. அதற்கு முந்திய வாரம் நானா இந்த வீட்டுக்கும் வந்தார், அதுவும் முதல் தடவை. மனைவி இவ்வளவு காலமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பார்க்க வேண்டும் என்றார். கிளெமென்ற் சோடா வாங்கக் கடைக்குப் போய்வந்த நேரத்தில் நானா பார்த்து முடித்திருந்தார். சோடாவையும் குடிக்கவில்லை.

பயணம் போய்வந்த பின் ஒரு நாள் டொக்டர் மிஸ் தனியாக வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். தட்டுத் தட்டாகப் பார்த்து, நூல் அறுந்து தனியாகக் கிடந்த இந்தப் பாதியைக் கண்டெடுத்தார்.

“இதே இடத்தில, மக இருக்காங்களே, இங்கதான் உட்கார்ந்தாங்க” என்றார் கிளெமென்ற். “கல்ல மடியில வச்சிக்கிட்டு சிரிச்சாங்க மிஸ். சின்னப் பிள்ள மாதிரி. அப்புறம் அழுதாங்க. வருத்தத்துல அழுறாங்கன்னு நான் நினைச்சேன்.”

ஒரு கல் வியாபாரிக்கு ஒரு கல் என்பது ஒரு கல்தான். அதற்கு ஒரு சோடி இருக்கிறது, அந்தச் சோடி பின்னால் சாட்சி சொல்லும் என்று மஷூருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. விஷ்ணுப்பிரியா கைபேசிப் படத்தைப் பெரிதாக்கி ஷெல்டனிடம் காட்டினாள். ஐந்து இதழ்களும் அளந்து வைத்ததுபோல ஒரே அளவு, ஒரே இடைவெளி. சேற்றில் அமுங்கிக் கல்லான பூ இப்படிக் கிடக்காது. ஒரு இதழாவது மடிந்திருக்கும், ஒன்றாவது கிழிந்திருக்கும். இது மாணிக்கத்துக்குப் பட்டை தீட்டிப் பழகிய கை. அந்தக் கையால் கோணலாக ஒன்றைச் செய்யவே முடியவில்லை.

மஷூரின் பட்டறை ஜிந்துப்பிட்டிப் பக்கம், நடந்து போகிற தூரம். அர்பா முன்னால் நடந்தாள். கல்லைத் துணியோடு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஷெல்டன் பின்னால் வந்தான். வழியில் அவனைத் தெரிந்தவர்கள் கூப்பிட்டுக் கதை கொடுத்தார்கள். அவன் கையை மட்டும் காட்டிவிட்டு நடந்தான்.

முருகன் கோயிலுக்கு அருகில் ஒரு ஒழுங்கை. பட்டறைக் கதவு திறந்தே இருந்தது. சக்கரம் ஓடவில்லை. மேசையில், விளக்குக்குக் கீழே, காணாமல் போன கல். அதற்கு முன்னால் மஷூர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி. மெலிந்த நீண்ட மனிதர். மகளைக் கண்டதும் கல்லை மறைக்கக் கை போயிற்று, பிறகு வேண்டாமென்று நின்றுவிட்டது.

பூவில் நான்கு இதழ்கள்தான் இருந்தன. ஐந்தாவது இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தூள்.

“அழிச்சிரலாம் எண்டுதான் கொண்டு வந்த” என்றார் அவர். “ஒண்டுக்கு மேல கை போகல்ல.”

அவர் சொல்லத் தொடங்கினார். கலியாணம் கட்டிய நாள் முதல் அவர் விலையுள்ள கல்லையும் லுத்பியா விலையில்லாத கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லில் காய்ந்த இலை என்று அவர் அவளைக் கேலி செய்வார். கண்ணாடித் துண்டு என்று அவள் அவரைக் கேலி செய்வாள். ஒரு நாளாவது அவளோடு அந்தக் குளக்கரைக்குப் போனதில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, என்ன வேணும் என்று கேட்டார். இன்னொரு தரம் தப்போவவுக்குப் போக வேண்டும் என்றாள். ஒரு பூ கிடைத்தால் போதும் என்றாள்.

சாப்பாட்டு மேசையில் அவள் எப்போதோ சொன்ன ஒரு விஷயம் மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. இலையும் விதையும் தண்டும் வெவ்வேறாக உதிர்ந்து வெவ்வேறு கல்லில் கிடைப்பதால், இலைக்கு ஒரு பெயர், விதைக்கு ஒரு பெயர், தண்டுக்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரே மரம் என்று சொல்ல, ஒட்டியபடி ஒன்று கிடைக்க வேண்டும். கிடைப்பதேயில்லை என்று அவள் குறைப்பட்டுக்கொள்வாள். அதனால் அவர் ஒட்டியபடி செய்தார். கிளெமென்ற் வீட்டிலிருந்து இலையுள்ள கல் ஒன்றை எடுத்துவந்து, அந்த இலையின் காம்பிலேயே பூவைச் செதுக்கினார். குளக்கரையில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், மண்ணுக்குள், மற்றக் கற்களோடு வைத்தார்.

“அவ கத்துவா, துள்ளுவா எண்டு நான் நினைச்ச. ஒண்டுமில்ல. அவ கல்லப் பாத்த. பொறகு தல நிமித்தி என்னப் பாத்த. கனக்க நேரம் பாத்த, மகள். நிக்காஹ் அண்டைக்குக் கூட அப்பிடிப் பாத்ததில்ல.”

ஷெல்டன் தோளில் இருந்த பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் கல்லை நடுவில் வைத்து அவள் அவருக்குப் பாடம் எடுத்தாள். பூ என்றால் என்ன, விதையை மூடி வைக்கிற செடி எது, திறந்து வைக்கிற செடி எது, பூவைப்போலவே தோன்றினாலும் பூக்காத பழைய மரங்கள் எவை. அத்தனை காலம் கேட்காததையெல்லாம் அவர் கேட்டார். புதிய செடிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அவர் பகல் முழுவதும் பட்டறையில் யோசித்து, இரவில் ஒரு பெயர் சொல்வார். அது நல்லாயில்லை என்பாள். இது ஏற்கனவே ஒரு பாசிக்கு வைத்தாயிற்று என்பாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும். கட்டுரையை அனுப்பவில்லையா என்று கேட்டால், பெயர் சரிவரட்டும் என்பாள். பெயர் சரிவரவேயில்லை.

“நீ அனுப்பிட்ட எண்டு சென்னதும்தான் விளங்கின” என்றார் மகளிடம். “நான் குடுத்தத வச்சி ஊரே அவள கள்ளி எண்டு செல்லப் போகுது. முழுக்க என்ட வேல. சனிக்கிழம வாற அந்த மனிசன்ட காலில விழுந்து நான் செல்றன்.”

அர்பா சுவரில் சாய்ந்து நின்றாள். விஷ்ணுப்பிரியா அவள் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டி வந்தாள். ஒழுங்கையில் யாரோ தண்ணீர்ப் பீப்பாய் உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் போகும்வரை காத்திருந்தாள்.

“உங்கட உம்மான்ர பேரைக் காப்பாத்த வழி இருக்கு” என்றாள். “எங்களிட்ட இருக்கிற பாதியையும் அந்தப் பாதியையும் சேர்த்து வையுங்கோ. கிளெமென்ற் நடந்ததைச் சொல்லுவார். அவவுக்கு ஆரம்பத்திலயே தெரியும், தெரிஞ்சும் ஒரு நாளும் அனுப்பேல்லை எண்டது எல்லாருக்கும் விளங்கும். ஒருத்தரும் அவவைக் குறை சொல்ல ஏலாது. கையெடுத்துக் கும்பிடுவினம்.”

“வாப்பாவுக்கும் தெரிய வரும்.”

“ஓம். வரும்.”

அர்பா திறந்த கதவு வழியே வாப்பாவைப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்தாள். சஞ்சிகைக்கு அவள் எழுதியதை விஷ்ணுப்பிரியா பக்கத்தில் நின்று பார்த்தாள். இந்தத் துறை தெரியாத மகளாகிய நான், என் தாய் வெளியிட விரும்பாத ஒரு குறிப்பை, அவர் அனுமதியில்லாமல் அவர் பெயரில் அனுப்பிவிட்டேன். காட்டுவதற்குக் கல் எதுவும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. தயவுசெய்து கட்டுரையை அழித்துவிடுங்கள், நிபுணர் வர வேண்டாம். கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள். அனுப்பும் பொத்தானின் மேல் அவள் விரல் சிறிது நேரம் நின்றது. உம்மாவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் வரப்போவதில்லை என்பதை அந்த விரல் உணர்ந்திருக்க வேண்டும். பிறகு அழுத்தினாள்.

“நீங்க பேசின சம்பளத்துக்கு நான் கல்லக் கண்டுபிடிச்சுத் தந்திட்டன்” என்று விஷ்ணுப்பிரியா மெல்லச் சொன்னாள். “மற்றப் பாதி என்னட்ட இல்லை. நான் அதைக் காணவும் இல்லை.”

உள்ளே மஷூர் அப்படியே இருந்தார். கட்டுரையைத் திருப்பி எடுத்தாயிற்று, யாரும் வரமாட்டார்கள், உம்மாவை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று அர்பா சொன்னாள். எப்படி என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு வேறொன்று கேட்க இருந்தது. கேட்க வாய் வராமல் மேசைத் தூளை விரலால் ஒன்றுகூட்டிக்கொண்டிருந்தார்.

“மகள். உம்மாவுக்குத் தெரியாது தானே? ஏமாந்தாலும் சந்தோசமாத்தானே போன?”

ஷெல்டனின் தோளில் பை கனத்தது. விஷ்ணுப்பிரியா கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரியா வாப்பா” என்றாள் அர்பா. “கடைசி வரைக்கும் சந்தோசமாத்தான் ஈந்த.”

அவள் சொன்னதில் ஒன்று பொய், ஒன்று உண்மை. மஷூர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். தோள் இறங்கிற்று. முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார், அழுகிற சத்தம் அதற்குள்ளே கேட்டது. ஷெல்டன் வெளியே போய்விட்டான். விஷ்ணுப்பிரியாவும் போகத் திரும்பினாள்.

“இன்னும் வருது” என்ற அவர் குரல் அவளை வாசலில் நிறுத்தியது. “ஒவ்வொரு ராவும் ஒரு பேர் வருது. நேத்தும் ஒண்டு வந்த. செல்ல ஆளில்ல.”

அர்பா மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து, மேசைக்கு மறுபக்கம், கல்லுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்தப் பேரச் செல்லுங்க வாப்பா.”

அவர் தயங்கினார். பிறகு சொன்னார். ஒரு வார்த்தைதான். வாசலில் நின்ற விஷ்ணுப்பிரியாவுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக. அர்பா தலையைச் சாய்த்து அதை யோசித்துப் பார்த்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

“அது நல்லாயில்ல வாப்பா” என்றாள். “நாளைக்கு வேற ஒண்டு யோசிங்க.”